அறுபத்தொரு சதவீத ஒற்றுமை

ஒப்புமைத் தடுப்பு ஆணையத்திலிருந்து கடிதம் வந்தபோது மெக்கானிக் அம்மா ஒரு சலவை இயந்திரத்துக்குள் தோள்வரை கையை விட்டிருந்தார். அதன் வயிற்றிலிருந்து ஒரு குழந்தையின் சாக்ஸ், இரண்டு பொத்தான்கள், ஒரு வீட்டுச் சாவி ஆகியவற்றை வெளியே எடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் பிரித்தார்.

அவருடைய இணையதளம் வேறொரு இணையதளத்தைப் போல இருப்பதாகப் புகார் வந்திருந்தது. புகார் வந்த ஒரு மணி நேரத்தில் தளம் தானாக முடக்கப்பட்டுவிட்டதாம். மனம் வருந்த வேண்டாம், இது தண்டனை அல்ல, தண்டனைக்கு முன்பே கொடுக்கப்படும் ஒரு வசதி என்று கடிதம் ஆறுதல் சொன்னது. விசாரணை எட்டாம் தேதி.

புகார் கொடுத்தது பெரிய நிறுவனம். சலவை இயந்திரம் விற்பது, பழுது பார்ப்பது இரண்டையும் செய்யும் நிறுவனம். பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டவர் மெக்கானிக் அம்மா. அவர் கடையில் நாலு ஆள் நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட கடையைப் பார்த்து அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஏன் வயிறு எரிய வேண்டும்? காரணம் இருந்தது. பெரிய மருத்துவமனையில் பதினான்கு சலவை இயந்திரங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் நின்று குளிக்கிற அளவு. அவற்றை மூன்று வருடம் பராமரிக்கும் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். தகுதி பெற்றவர்கள் இரண்டே பேர்: நிறுவனமும் மெக்கானிக் அம்மாவும். இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். அதில் இணையதள முகவரி எழுத வேண்டும், மருத்துவமனை எழுத்தர் அதைத் தட்டிப் பார்க்கும்போது அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் விண்ணப்பம் குப்பைக்கூடைக்குப் போகும். அந்த வேலை கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு மறுபடியும் நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

தளத்தைச் செய்து கொடுத்தவர் அவருடைய கொழுந்தன். அச்சகத்தில் வேலை. யாரோ ஒரு புண்ணியவான் செய்து, எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் விட்டுவைத்த ஒரு டெம்ப்ளேட்டை எடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்.

"அண்ணி, நாம யாரோட எழுத்தையும் எடுக்கலை, படத்தையும் எடுக்கலை. நாமதான் அவங்கன்னு யாரையும் ஏமாத்தலை. நீலக் கலரை யாரும் பேர்ல எழுதி வாங்கலையே. போய் இதைச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல விட்டுடுவாங்க" என்றார் கொழுந்தன். இப்படி நம்புகிறவர்கள் இருப்பதால்தான் ஆணையங்கள் நடக்கின்றன.

எட்டாம் தேதி போனார்கள். ஆணையத்தின் கோப்பில் விசாரணை ஒன்பதாம் தேதி என்று இருந்தது. கடிதத்தில் எட்டு என்று இருக்கிறதே என்று மெக்கானிக் அம்மா காட்டினார். எழுத்தர் பொறுமையாக விளக்கினார். நகல் எடுப்பதை எதிர்க்கும் அலுவலகம் நகல் எடுக்கலாமா? அதனால் அங்கே நகல் இயந்திரமே கிடையாது. ஒரே கடிதத்தை இரண்டு தடவை எழுத நேர்ந்தால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாக எழுதுவார்கள்.

"தேதியைக்கூடவா சார்?"

"எல்லாத்தையும் மாத்திட்டு அதை மட்டும் அப்படியே விட்டா நாளைக்கு எங்க மேலயே கேஸ் வரும்மா."

ஒன்பதாம் தேதி மேகமாக இருந்தது. மேகமூட்டமான நாளில் விசாரணை இல்லை என்றார்கள். அதற்கான காரணம் பத்தாம் தேதி வெயில் வந்தபோதுதான் தெரிந்தது.

அளவை அறை மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே ஒன்றைப் போல இன்னொன்று இருக்கக் கூடாது என்பது விதி. எனவே மெக்கானிக் அம்மாவுக்கு ஒரு முக்காலியும் கொழுந்தனுக்கு முடிதிருத்தும் கடையின் சுழல் நாற்காலியும் கிடைத்தன. ஒப்பீட்டாளர் என்ற பதவியில் இருந்தவர் இடது காலில் கறுப்பு ஷூவும் வலது காலில் பழுப்பு ஷூவும் அணிந்திருந்தார். ஜோடி ஷூ போடுகிறவர்களுக்கு அங்கே பதவி உயர்வு கிடையாதாம்.

அவர் நிறுவனத்தின் தளத்தை ஒரு தாளில் அச்சிட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். மெக்கானிக் அம்மாவின் தளத்தை அதன் மேல் வைத்து அழுத்தினார். வெயில் இரண்டு தாளையும் ஊடுருவி வந்தது. எந்தெந்த இடத்தில் கறுப்பின் மேல் கறுப்பு விழுகிறது என்று மரக் கோலால் அளந்து மதிப்பெண் போடத் தொடங்கினார்.

மேலே வலது மூலையில் போன் நம்பர் இருப்பதற்கு ஏழு மதிப்பெண். நம்பர் வேறாக இருக்கிறதே என்று கொழுந்தன் கேட்டதற்கு, நம்பர் வேறுதான், ஆனால் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதானே என்றார். சலவை இயந்திரத்தின் படத்துக்குப் பன்னிரண்டு. இரண்டிலும் கதவு வட்டமாக இருந்தது.

"கதவு வட்டமாத்தான் சார் இருக்கும்" என்றார் மெக்கானிக் அம்மா.

"சதுரமா வரையறதுக்கு யாராவது தடை போட்டாங்களா?"

கொழுந்தன் சட்டத்தை எடுத்து வைத்தார். எழுத்தைத் திருடினால் தப்பு, சின்னத்தைத் திருடினால் தப்பு, வாடிக்கையாளரை ஏமாற்றினால் தப்பு. வெறும் சாயல் இருந்தால் அது தப்பாகிவிடுமா என்று கேட்டார். ஒப்பீட்டாளர் முகத்தில் இரக்கம் வந்தது.

"நீங்க சொல்றது கோர்ட்டு தம்பி. அங்க திருடினாங்களான்னு பார்ப்பாங்க. அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். இங்க ஒத்திருக்கான்னு மட்டும்தான் பார்ப்போம். அதனாலதான் இங்க எல்லாம் சட்டுனு முடியுது."

சட்டென்று முடிந்தது. அறுபத்தொரு சதவீதம். நாற்பதுக்கு மேல் போனால் குற்றம்.

அன்று மதியமே ஆணையர் முன்னிலையில் விசாரணை நடந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர் பிரமாணப் பத்திரம் ஒன்றைப் படித்தார். தங்கள் தளத்தின் ஒவ்வொரு வரியும், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை, தங்கள் சொந்தப் படைப்பு. பத்தொன்பது கலைஞர்கள் மூன்று வருடம் ஒரு மலை விடுதியில் தங்கி, பேசாமல், அந்த நீலத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒருவருக்கு அதில் பார்வையே மங்கிவிட்டது. இதில் ஒரு சொல் பொய் என்றாலும் நிறுவனத்தின் தலைவர் சிறைக்குப் போகத் தயார் என்று படித்து, தலைவரின் கையெழுத்தைத் தூக்கிக் காட்டினார்.

ஆணையருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார்.

"அம்மா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எனக்கு இரட்டைப் பசங்க. வீட்டுக்கு வர்றவங்க இவன் அவனை மாதிரியே இருக்கானேன்னு சொல்லும்போது எனக்கு எவ்வளவு அவமானமா இருக்கும் தெரியுமா? கடைசியில சின்னவனுக்குக் கண்ணாடி போட்டுவிட்டேன். பவர் கண்ணாடி. அவனுக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்லை. இப்ப சுவத்துல முட்டிக்கிறான், ஆனா யாரும் குழம்பறது இல்லை. சொந்தப் பிள்ளைன்னுகூடப் பார்க்காம செஞ்சவன் நான். உங்களுக்கு விட்டுக்கொடுப்பேனா?"

நாற்பதுக்குக் கீழே கொண்டுவந்தால் தளம் திறக்கப்படும் என்பது தீர்ப்பு.

கொழுந்தன் உட்கார்ந்து மாற்றினார். நீலத்தை எடுத்துவிட்டுப் பழுப்பு அடித்தார். போன் நம்பரைக் கீழே இறக்கினார். ஐம்பத்து மூன்று ஆனது. கூடவே இன்னொரு கடிதமும் வந்தது: பழுப்பு நிறத்தில் கீழே நம்பர் போட்டிருப்பது ஒரு சவப்பெட்டிக் கடையின் தளத்தைப் போல இருக்கிறதாம். நல்லவேளையாக அந்தக் கடைக்காரர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தன் வாடிக்கையாளர்கள் யாரும் குழம்பிப் புகார் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

அடுத்து வாசகங்கள். 'விரைவு, நேர்மை, தரம்' என்று நிறுவனம் போட்டிருந்தது. மெக்கானிக் அம்மாவின் தளத்தில் 'தரம், நேர்மை, விரைவு' என்று இருந்தது. வரிசையை மாற்றினால் போதாது, பொருளையே மாற்ற வேண்டும் என்றார் ஒப்பீட்டாளர். கொழுந்தன் யோசித்து, 'மெதுவாக வருவோம். வந்தால் பார்ப்போம்' என்று எழுதினார். நாற்பத்து நாலு. ஒப்பீட்டாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இதுவரை தான் பார்த்தவற்றில் மிகவும் நேர்மையான தளம் இதுதான் என்றார். படத்தில் கதவைச் சதுரமாக்கினார்கள். கடையில் கிடந்த அதன் அச்சுத் தாளைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் மெக்கானிக் அம்மாவிடம் வந்து, ரொட்டி அடுப்பும் ரிப்பேர் செய்வீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். நாற்பத்து இரண்டு.

இருபத்து இரண்டாம் தேதி ஆகிவிட்டது. மருத்துவமனைக்கு இன்னும் ஆறு நாள். மெக்கானிக் அம்மா பொறுமை இழந்து, எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார். வெறும் வெள்ளைப் பக்கம். அதில் எதை எதோடு ஒப்பிடுவார்கள் என்று பார்ப்போம் என்றார்.

ஐம்பத்தாறு சதவீதம் வந்தது.

நிறுவனத்தின் தளம் திறக்கும்போது முதல் மூன்று விநாடி வெள்ளையாக இருக்கிறதாம். "அந்த மூணு விநாடியில ஒருத்தர் உங்க தளத்துக்கு வந்துட்டா?" என்று கேட்ட ஒப்பீட்டாளர், இனி மேல்முறையீடுதான் வழி என்றார். அதையும் நேரில் கொடுக்க முடியாது. ஆணையத்தின் இணையதளம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

அன்று மாலை கடையில், கழற்றிப் போட்ட மோட்டார்களுக்கு நடுவில், இருவரும் ஆணையத்தின் தளத்தைத் திறந்தார்கள். மேல்முறையீட்டுப் படிவத்தில் 'விதிமுறைகளை முழுவதும் படித்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் அடுத்த பக்கம் வரும். உலகத்தில் யாரும் அதைப் படிக்காமல்தான் டிக் போடுவார்கள். கொழுந்தனும் போடப் போனார். மெக்கானிக் அம்மா கையைத் தட்டிவிட்டார். இயந்திரத்தோடு வரும் கையேட்டைப் படித்தே தொழில் கற்றவர் அவர். கையேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். கோளாறுகளின் பட்டியலை அங்கேதான் போட்டிருப்பார்கள். விதிமுறைகளையும் அடிக்குப் போய் அங்கிருந்து படித்துக்கொண்டு வந்தார்.

கடைசி வரி இப்படி இருந்தது: 'பிறந்தநாள் கேக்குகளை இரண்டு நாட்களுக்கு முன்பே ஆர்டர் செய்யவும். முட்டை சேர்க்காததும் கிடைக்கும்.'

மெக்கானிக் அம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு மோட்டாரைப் பிடித்துக்கொண்டார்.

"இது நம்ம டெம்ப்ளேட் அண்ணி. அதைச் செஞ்சவன் ஒரு பேக்கரிக்குன்னு செஞ்சிருக்கான். நம்ம பக்கத்துலயும் இந்த வரி இருந்துச்சு, நீங்கதான் பார்த்துட்டு எடுடான்னீங்க. இவங்க எடுக்கவே இல்லை."

"நிறுவனத்தோடதைத் திற."

திறந்தார். விதிமுறைகள் பக்கத்தின் அடியில், பத்தொன்பது கலைஞர்கள் மலை உச்சியில் மௌனமாக இருந்து கண்டுபிடித்த அதே கேக் இருந்தது. முட்டை சேர்க்காதது உட்பட.

கொழுந்தன் உற்சாகமாகிவிட்டார். எல்லாமே ஒரே இலவச டெம்ப்ளேட் என்று மேல்முறையீடு எழுதிவிடலாம், மூன்று மாதத்தில் நியாயம் கிடைத்துவிடும் என்றார். மெக்கானிக் அம்மாவுக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்த இடுப்பு வலி அவருக்கு இன்னும் போகவில்லை. கீழிருந்து மேலாக மற்ற விதிகளையும் படித்தார். பதினேழாம் விதி: யாருடைய தளத்தின் மீதும் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. பதினோராம் விதி: பிறருடைய தளங்களின் மீதான முடக்க உத்தரவுகள் ஆணையத்தின் தளத்தில் காட்சியில் இருக்கும்வரை மட்டுமே செல்லும்.

மேல்முறையீட்டை மூடிவிட்டு, புகார்ப் படிவத்தைத் திறக்கச் சொன்னார். நகல் செய்தவர் என்ற இடத்தில் ஒப்புமைத் தடுப்பு ஆணையம். பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார்.

கொழுந்தன் தட்டுவதை நிறுத்தினார். "அவங்களுக்காக நாம ஏன் அண்ணி புகார் கொடுக்கணும்?"

மெக்கானிக் அம்மா மருத்துவமனை அனுப்பியிருந்த காகிதக் கட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். நாற்பத்தோராவது நிபந்தனை: நோயாளிகளின் துணி புழங்கும் இடத்தில் வேலை செய்யும் நிறுவனம் எந்த உணவுப்பொருளும் தயாரிப்பதாகவோ விற்பதாகவோ இருக்கக் கூடாது.

"அந்தக் கேக்கு அவங்களோடதுன்னு அவங்க வாயாலயே சொல்லணும்" என்றார். "அனுப்பு."

ஒரு மணி நேரத்தில் ஆணையத்தின் தளம் தானாக முடங்கியது. அதில் காட்சிக்கு இருந்த நாலாயிரத்து இருநூறு முடக்க உத்தரவுகளும் அதோடு மறைந்தன. பதினோராம் விதிப்படி நாலாயிரத்து இருநூறு தளங்கள் கண் விழித்தன. மெக்கானிக் அம்மாவின் தளமும் திறந்தது. கொழுந்தன் பழைய நீலத்தையும் வட்டக் கதவையும் திரும்பப் போட்டார். ஆனால் ஆணையத்தின் தளம் எப்போது திறந்தாலும் அடுத்த நிமிடம் இது மறுபடியும் மூடிக்கொள்ளும். இருபத்தெட்டாம் தேதிவரை தாங்குமா என்பதுதான் கேள்வி.

மற்றவர்களுக்குத் தேதி மாறி மாறி இழுக்கும் விசாரணை, ஆணையம் தானே மாட்டிக்கொண்டதால், இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு நடந்தது. வானம் மூடியிருந்தது. அவசரம் கருதி, ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஊழியர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒப்பீட்டாளர் கேக் வரி இருந்த கடைசித் தாள்கள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். கோலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தாள்தான் இருப்பது போலத் தெரிந்தது. தன் பதினாறு வருட சர்வீஸில் நூறு சதவீதத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. பக்தி மாதிரிகூட இருந்தது.

ஆணையர் மேடையில் உட்கார்ந்து, ஆணையத்தின் சார்பில் யார் ஆஜராகிறார்கள் என்று கேட்டார். பிறகு கீழே இறங்கி வந்து, நான்தான் என்றார். உட்கார முக்காலிதான் இருந்தது. அதில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஒரு வாதத்தை வைத்தார்: அந்தத் தளம் நிறுவனத்திடமிருந்து எடுத்ததல்ல, ஊருக்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் பொது டெம்ப்ளேட், அது யாருக்கும் சொந்தமில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்படியானால் நிறுவனத்தின் தளமும் இலவச டெம்ப்ளேட். மலை விடுதி பொய். தலைவர் கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம் பொய்.

எல்லோரும் வழக்கறிஞரைப் பார்த்தார்கள். மெக்கானிக் அம்மா மட்டும் தன் நகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலவச டெம்ப்ளேட்தான் என்று வழக்கறிஞர் ஒத்துக்கொண்டால் ஆணையத்தின் தளம் இன்றே திறந்துவிடும். தலைவருக்கு ஒரு நல்ல வக்கீல் கிடைப்பார். வேறு சாக்கில் அடுத்த புகார் வரும். நிறுவனம் மருத்துவமனைக்குள் போய்விடும்.

வழக்கறிஞர் ஐந்து நிமிடம் கேட்டு வெளியே போய் போன் பேசினார். கதவு சரியாக மூடவில்லை. ஜெயிலுக்குத் தலைவர் போகிறாரா இல்லை நீங்கள் போகிறீர்களா என்று அந்தப் பக்கம் யாரோ கத்துவதும், இந்தப் பக்கம் யாரும் போக வேண்டியதில்லை என்று இவர் சொல்வதும் உள்ளே கேட்டன. திரும்பி வந்தபோது அவர் டை நேராக இருந்தது, முகம்தான் கோணியிருந்தது.

"கனம் ஆணையர் அவர்களே, எங்கள் பிரமாணப் பத்திரத்தில் மாற்றம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியும் எங்கள் சொந்தப் படைப்பே. கேக் பற்றிய வரியும்."

"நீங்க சலவை மெஷின் கம்பெனிதானே?" என்றார் முக்காலியிலிருந்து ஆணையர், கெஞ்சுகிற குரலில்.

"கேக்கும் செய்கிறோம்."

"முட்டை இல்லாமலுமா?"

வழக்கறிஞர் எழுத்தர் பக்கம் திரும்பினார். "முட்டை இல்லாமலும்."

எழுத்தர் அதை எழுதி முத்திரை குத்தினார். ஆணையர் மறுபடியும் மேடை ஏறி, தன்னைத் தானே குற்றவாளி என்று தீர்ப்பளித்து, நாற்பதுக்குக் கீழே கொண்டுவரும்வரை தளம் முடக்கப்பட்டிருக்கும் என்று தனக்கே உத்தரவு போட்டார். கொண்டுவருவதற்கான விண்ணப்பத்தை ஆணையத்தின் இணையதளம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இன்றுவரை அவர் அதைக் கொடுக்க முயன்றுகொண்டிருக்கிறார்.

இருபத்தெட்டாம் தேதி மூன்று மணிக்கே மெக்கானிக் அம்மா மருத்துவமனைக்குப் போய்விட்டார். எழுத்தர் முகவரியைத் தட்டினார். நீலமாகத் திறந்தது. நிறுவனத்தின் விண்ணப்பமும் வந்திருந்தது. அதன் மேல், அன்று காலைப் பத்திரிகையில் வந்த ஆணையத் தீர்ப்பை யாரோ வெட்டி வைத்து, முட்டை என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். யார் வைத்தது என்று மெக்கானிக் அம்மா விசாரிக்கவில்லை. அவர் பையில் சிவப்புப் பேனா ஒன்று இருந்தது என்பதைத் தவிர நமக்கும் எதுவும் தெரியாது.

பிரமாணம் செய்துவிட்டதால் நிறுவனம் கேக் செய்தாக வேண்டியிருந்தது. கீழ்த்தளத்தில் இயந்திரங்களை அகற்றிவிட்டு அடுப்பு வைத்தார்கள். மருத்துவமனை வேலை தொடங்கி ஒரு மாதம் ஆனதும் மெக்கானிக் அம்மா போன் செய்து, இரண்டு நாளுக்கு முன்பே, இரண்டு கிலோ, முட்டை இல்லாமல் என்று ஆர்டர் கொடுத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நிறுவனத்தின் பழைய சர்வீஸ் மேனேஜர். தலையில் வெள்ளைத் தொப்பி. பதினோரு வருடமும் மெக்கானிக் அம்மா ஒவ்வொரு இயந்திரத்தையும் திறக்கும்போது பின்னால் வந்து நின்று, ரிப்பேர் செய்யாதே, செத்துப்போய்விட்டது என்று சொல்லிப் புதுசை வாங்க வை என்று காதில் ஓதியவர் அவர். மெக்கானிக் அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. அதனால்தான் வெளியே வரவேண்டியிருந்தது.

மெக்கானிக் அம்மா பெட்டியைத் திறந்தார். ஸ்குரூடிரைவரைத் துடைத்துவிட்டு நடுவில் குத்திப் பார்த்தார். நுனியில் மாவு ஒட்டிக்கொண்டு வந்தது.

"உள்ள வேகலையே சார்."

மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கம்மா. நாளைக்கே புதுசா ஒண்ணு செஞ்சு கொண்டாந்து கொடுத்துடறேன்."

"புதுசெல்லாம் வேணாம்" என்றார் மெக்கானிக் அம்மா, பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்துக்கொண்டே. "இதையே ரிப்பேர் பண்ணிக் கொண்டாங்க."